ஸக்ஸூக் காபிக்கடையின் மாத்திரை டப்பா

எகிப்தின் டமியெட்டாவில் தச்சர்கள் நிறைந்த அந்தத் தெருவில் வலி மாத்திரை வாங்குவது மிகச் சுலபம், இன்ஷிராஹின் மருந்துக்கடையைத் தவிர. மற்ற கடைகளில் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாலே போதும், அட்டை கைக்கு வந்துவிடும். இன்ஷிராஹிடம் முதலில் வருவது கேள்விகள்தான். வயிற்றில் புண் இருந்ததுண்டா, மூச்சு இழுக்குமா, பிரஷருக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரை என்ன நிறம்.

"டாக்டரம்மா, நான் மாத்திரை வாங்க வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?" என்றான் ஒருநாள் சோபா தைக்கும் பக்ரி. நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். மருந்துக்கடைக்காரர்களையும் அந்த ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பொண்ணு கேட்டு வந்திருந்தா இத்தனை கேள்வி எதுக்கு? இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன்."

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பக்ரியும் சிரித்தான். சிரித்ததில் அவனுக்கு மூச்சு இழுத்தது.

"பாத்தியா? இழுப்பு இருக்குல்ல. உன்னை மாதிரி ஆளுங்கள்ல சில பேருக்கு இபுப்ரோஃபென் போட்டா மூச்சுக்குழாய் அப்படியே இறுகிடும். நீ அந்த சில பேர்ல ஒருத்தனா இல்லையான்னு என் கடை வாசல்ல வச்சுச் சோதிச்சுப் பாக்க எனக்கு ஆசையில்ல. பாரசிட்டமால் தர்றேன். ஒரு நாளைக்கு எத்தனைன்னு அட்டை மேலயே எழுதித் தர்றேன்."

இன்ஷிராஹ் குள்ளமான, உருண்டையான பெண்மணி. தலையில் எப்போதும் எலுமிச்சை மஞ்சளோ கிளிப்பச்சையோ கண்ணைப் பறிக்கும் நிறத்தில் முக்காடு. அவள் சிரித்தால் எதிர்ப்பக்கத்து வார்னிஷ் பட்டறை வரைக்கும் கேட்கும். கணவன் வக்தி உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். வீட்டில் சமையல் அவனுடையது, ஏனென்றால் அவளுடைய சமையலை இருவருமே சாப்பிட முடியவில்லை.

அவள் இப்படிக் கேள்வி கேட்பவளாக ஆனதற்கு ஒரு கதை உண்டு. அதை அவளே கூச்சமில்லாமல் சொல்வாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ரமலானில் கடையைத் திறந்தாள். கல்யாணமாகி நான்கு மாதம். வெயில், நோன்பு, புதுக்கடை அலைச்சல் எல்லாம் சேர்ந்து தினமும் மண்டையைப் பிளக்கும் தலைவலி. நோன்பு திறந்ததும் சோற்றில் கை வைப்பதற்கு முன்பே இரண்டு இபுப்ரோஃபென்னைக் கெட்டிக் காபியோடு விழுங்குவாள். விடியுமுன் இன்னும் இரண்டு. போதாததற்குக் கடைவாய்ப்பல் வேறு தொல்லை கொடுக்க, பல் டாக்டர் எழுதித் தந்த டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து, ஒன்றோடொன்று சேரவே கூடாது என்று கல்லூரித் தேர்வில் ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் அவள்தான். ஆனால் அது மற்றவர்களுடைய வயிற்றுக்கு என்று எழுதியது.

மலம் நான்கு நாளாகக் கறுப்பாகப் போனது. விடியற்காலையில் சாப்பிடும் வெல்லப்பாகின் வேலை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பதின்மூன்றாம் நாள் பகலில், ஒரு தாய்க்குக் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவள், "கொதிச்சு ஆறின தண்ணியில" என்று சொல்லும்போதே மேஜைக்குப் பின்னால் சரிந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த பெரிய டாக்டர், கட்டிலருகே வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, மிட்டாய் மாதிரி தின்னிருக்கே. என்ன வேலை பாக்கிற?"

"டீச்சர்" என்றாள் இன்ஷிராஹ், சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு.

பக்கத்தில் பழச்சாற்றுப் புட்டியோடு நின்ற வக்திக்கு ஒன்றும் புரியவில்லை. "டீச்சர் நான்தான், டாக்டர்," என்றான் வெள்ளந்தியாக. "இவ மருந்துக்கடை வச்சிருக்கா."

அந்த வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்ததை அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து கேள்வி கேட்காமல் அவள் ஒருவருக்கும் வலி மாத்திரை கொடுத்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, ஊரார் உஸ்தா என்று மரியாதையாக அழைக்கும் தச்சு ஆசான் மெத்வல்லி கடைக்கு வந்தார். கட்டில் தலைமாட்டில் ரோஜாக்கொடி செதுக்குவதில் அந்தத் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் செதுக்கிய பூவில் தேனீ வந்து உட்கார்ந்ததாக ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவர் அவர்தான். அறுபத்தொரு வயது. தம்பி மகள் நெஸ்மாவுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் படுக்கையறைச் சாமான் முழுவதும் அவர் பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து தோள்பட்டை வரை கல்லாக இறுகிப் போயிருந்தது.

"அந்த ரோஸ் மாத்திரையில ரெண்டு அட்டை குடுங்க, டாக்டரம்மா. கேள்வி எதுவும் வேண்டாம், மரம் காத்துக்கிட்டிருக்கு."

"உங்ககிட்ட கேக்க ஒண்ணுமே இல்ல உஸ்தா. உங்க பிரஷர் மாத்திரை மாசாமாசம் என் கடையிலதான் வாங்குறீங்க. ஒரே மாத்திரைக்குள்ள பிரஷரைக் குறைக்கிற மருந்தும் இருக்கு, நீரைப் பிரிச்சு வெளியேத்துற மருந்தும் இருக்கு. அதுக்கு மேல மூணாவதா இந்த ரோஸ் மாத்திரை சேர்ந்தா சிறுநீரகம் தாங்காது. பிரஷர் மருந்தும் ஒழுங்கா வேலை செய்யாது."

"அப்ப என் தோள் தாங்கணுமா?"

"பாரசிட்டமால் தர்றேன். சுடுதண்ணிப் பை வச்சு ஒத்தடம் குடுங்க."

மெத்வல்லியின் மீசை நிமிர்ந்தது. "அது காய்ச்சல் வந்த குழந்தைக்குக் குடுக்கிறது. நான் மெத்வல்லி! டமியெட்டாவுல மருந்துக்கடைக்கா பஞ்சம்?"

"கடைக்குப் பஞ்சமில்ல. சிறுநீரகம்தான் ஆளுக்கு ரெண்டோட நிக்குது."

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அதன் பிறகு கடையைக் கடக்கும்போதெல்லாம் எதிர் மாடியில் புறா எண்ணுகிறவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். இன்ஷிராஹும் விட்டுவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி நபவியா தலைக்கு மருதாணிப் பொடி வாங்க வந்தாள். வாங்கியவள் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் கண்ணே டாக்டரம்மா, ஷூ மழையில நனைஞ்சா சுருங்குமா?"

"எந்த ஷூ?"

"அவரோடதுதான். பெருநாளுக்கு வாங்குனது. காலே உள்ள போகல. நாலு நாளா வீட்டுச் செருப்புல பின்பக்கத்தை மிதிச்சுக்கிட்டுத் திரியுறாரு. கேட்டா ஷூ சுருங்கிடுச்சுங்கிறாரு. மழை பெய்யவே இல்லையே, எப்படிச் சுருங்கும்?"

இன்ஷிராஹ் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "சாப்பாடு?"

"நேத்து வெங்காயம் அடைச்சு வாத்து பண்ணேன். வேண்டாம்னுட்டாரு. இந்த முப்பத்தாறு வருஷத்துல என் வாத்தை வேண்டாம்னு அவர் சொன்னதில்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"ஒண்ணுக்குப் போறது எப்படி?"

நபவியா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அதுவும் பேருக்கு."

"வீட்ல என்னென்ன மாத்திரை இருக்கோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. இப்பவே."

கால் மணி நேரத்தில் பை வந்தது. பிரஷர் மாத்திரை, இருமல் மருந்து, வைட்டமின், கண் சொட்டு மருந்து. வலி மாத்திரை ஒன்றுகூட இல்லை.

"சட்டைப் பையில?"

"துவைக்கிறவ நான்தானே. மரத்தூளும் ஆணியும்தான் இருக்கும்."

"தோள் வலிக்குதுன்னு சொல்றாரா?"

"அதுதான் அதிசயம். மூணு வாரமா வலியே இல்லயாம். ஸக்ஸூக் காபிக்கடைக்கு ஒரு நடை போயிட்டு வந்தா மாப்பிள்ளை மாதிரி வர்றாரு."

இன்ஷிராஹ் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டாள். கடையைப் பூட்டினாள். பட்டப்பகலில் அந்தக் கடை பூட்டியதை நபவியா பார்த்ததே இல்லை.

ஹாஜி ஸக்ஸூக்கின் காபிக்கடை வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிற்பகல் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்த நேரம். டொமினோக் கட்டைகள் படபடவென்று விழுந்துகொண்டிருந்தன. மஞ்சள் முக்காடு வாசலில் தெரிந்ததும் சத்தம் ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. அந்தக் கடைக்குள் பெண் யாரும் காலெடுத்து வைப்பதில்லை. தடை ஒன்றுமில்லை, வழக்கமில்லை.

ஹாஜி ஸக்ஸூக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "டாக்டரம்மா! யாராச்சும் போயிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. மாத்திரை எங்க வச்சிருக்கீங்க, ஹாஜி?"

ஸக்ஸூக்கின் முகம் மலர்ந்தது. இவளும் நம்மைத் தேடி வந்துவிட்டாளே என்று பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு. சர்க்கரை ஜாடிக்கும் புதினாக் கட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு பெரிய தகர பிஸ்கட் டப்பாவை இறக்கினார்.

"நாலு வருஷமா நடக்குது. மிச்சமானதை ஒருத்தர் போடுவார், வேண்டியதை ஒருத்தர் எடுப்பார். எல்லாம் நன்மைக்குத்தான். முதுகுக்கு ரோஸ். முட்டிக்கு மஞ்சள். இன்னதுன்னு சொல்லத் தெரியாத வலிக்கு வெள்ளை."

"ரோஸ் என்ன மருந்து?"

"முதுகு மருந்து."

இன்ஷிராஹ் டப்பாவை அப்படியே டொமினோ மேஜையில் கவிழ்த்தாள். அட்டைகளும், பாதி அட்டைகளும், காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரைகளும் மலையாகக் குவிந்தன. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். ஆட்கள் தேநீர்க் குவளையோடு சுற்றி நின்றார்கள்.

"இது தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம். இது மூட்டுவீக்கத்துக்கு. இது யாரோட தூக்க மாத்திரையோ. இதைப் பாருங்க, இது ஆட்டுக்குப் பூச்சி மாத்திரை!"

"அதனாலதான் எடுத்துட்டுப் போனவன் மறுபடி வந்து கேக்கலையா?" என்றார் ஸக்ஸூக், யோசனையாக.

அடுத்து ஒரு சின்ன அட்டை. வரிசையாக இருபத்தோரு குட்டி மாத்திரைகளில் ஏழெட்டு குறைந்திருந்தன. இன்ஷிராஹ் அதைத் தூக்கிப் பிடித்தாள். "இதை எந்த வலிக்குக் குடுத்தீங்க, ஹாஜி?"

"அது தலைவலிக்கு. ரொம்ப நல்லா கேக்குது. பக்ரி அதைத்தான் விரும்பி எடுப்பான்."

"ஹாஜி, இது பொம்பளைங்க கர்ப்பமாகாம இருக்கச் சாப்பிடுறது."

 காபிக்கடையின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. ஒருவர் தேநீரை மூக்கு வழியே விட்டார். பக்ரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"டாக்டரம்மா," என்றான் மெதுவாக, "எனக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"ஆகாது. கவலையே படாதே, நீ நிச்சயம் கர்ப்பமாக மாட்டே."

அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று சிரித்தவரின் முன்கை அவள் கண்ணில் பட்டது. ஷஹாத்தா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். சட்டைக் கையை மடித்துவிட்ட இடத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக இரத்தம் கட்டியிருந்தது. இன்ஷிராஹின் சிரிப்பு நின்றது.

"இது என்ன?"

"பஸ் கதவு இடிச்சுது."

"மூணு இடத்துலயுமா? ஷஹாத்தா, உங்களுக்கு இருதயத்துல வால்வு மாத்தி இருக்கு. இரத்தம் உறையாம இருக்கத் தினமும் வார்ஃபரின் சாப்பிடுறீங்க. இந்த டப்பாவுல இருந்து எடுத்தீங்களா?"

"முட்டிக்காக மஞ்சள்... பத்து நாளா. அதுல என்ன தப்பு? ரெண்டு நாளா பல் தேய்ச்சா கொஞ்சம் இரத்தம் வருது, அவ்வளவுதான்."

அவள் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "வார்ஃபரினோட இது சேர்ந்தா இரத்தம் எங்க வேணும்னாலும் கசியும். வயித்துக்குள்ள கசிஞ்சா உங்களுக்கே தெரியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். பஸ் சாவியை வேற யார்கிட்டயாவது குடுங்க."

பிறகுதான் அவள் தேடி வந்தவரைத் தேடினாள். மெத்வல்லி கடைசி மூலையில், சுவரில் மாட்டிய நாட்காட்டியை உன்னிப்பாகப் படிக்கிறவர் போல முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"உஸ்தா, காலை நீட்டுங்க."

"ஆம்பளைங்க நடுவுல நின்னுக்கிட்டு இது என்ன பேச்சு, டாக்டரம்மா?"

"நீட்டுங்கன்னேன்."

அவர் நீட்டினார். அவள் குனிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோலக் குழி அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். குழி நிரம்பவே இல்லை.

"ஷூ சுருங்கல உஸ்தா. நீங்கதான் ஊதியிருக்கீங்க. ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலையில ரோஸ் ரெண்டு," என்றார் மெத்வல்லி, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவரைப் போல. "மத்தியானம் மஞ்சள். சாயங்காலம் மறுபடி ரோஸ். சளி பிடிச்சப்ப ஹாஜி அந்தத் தூளையும் கரைச்சுக் குடுத்தார்."

"ரோஸ் இபுப்ரோஃபென். தூளுக்குள்ள இருக்கிறதும் அதே இபுப்ரோஃபென். மஞ்சள் அதோட கூடப்பிறந்தது. அதுக்கு மேல பிரஷர் மாத்திரை. எழுந்திருங்க."

"நெஸ்மாவோட கட்டில் தலைமாடு பாதியில நிக்குது! பன்னெண்டு ரோஜா பாக்கி!"

"மர ரோஜாதானே உஸ்தா, வாடாது," என்றான் பக்ரி. இப்போது சாவி அவன் கையில் இருந்தது.

பள்ளிக்கூட பஸ்ஸின் குட்டி இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து காபிக்கடையில் பாதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. போகிற வழியெல்லாம் பக்ரிக்கு ஆளாளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க யோசனை சொன்னார்கள்.

பரிசோதனையின் முடிவு வந்தபோது சிரிப்பில்லை. ஷஹாத்தாவின் இரத்தம் இருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்கு நீர்த்திருந்தது. வயிற்றிலும் கசிவு தொடங்கியிருந்தது. மூன்று நாள் படுக்க வைத்தார்கள்.  மெத்வல்லிக்குச் சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் வழக்கத்தைவிட இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். பிரஷர் மருந்தை மாற்றினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். டமியெட்டாக்காரனிடம் அந்த ஊருக்கே பேர் வாங்கித் தந்த உப்புப் பாலாடைக்கட்டியைத் தொடாதே என்று சொல்வதற்கு அந்த டாக்டருக்கு மிகவும் தைரியம் வேண்டியிருந்தது.

வீட்டில் வக்தி பொரித்து வைத்த மீனை இன்ஷிராஹ் கையால் அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்னாலதானே ரெண்டு பேரும் பிழைச்சாங்க? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றான் வக்தி.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே என் கண் முன்னால நின்னாரு. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். சாமர்த்தியமா ஒரு பதிலும் சொன்னேன். அந்த மனுஷன் வலியை எங்க கொண்டு போவாருன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல."

 வக்தி முள்ளெடுத்த மீன் துண்டு ஒன்றை அவள் தட்டில் வைத்தான். "அவருக்கு எதனால வலிக்குதுன்னு பாத்தியா?" என்றான்.

அவள் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவிலேயே இருந்தும், எந்தப் பட்டறைக்குள்ளும் போய் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்ததில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். மெத்வல்லி வேலையை விடவில்லை, மெதுவாக்கியிருந்தார். தலைமாட்டுப் பலகை இரண்டு குட்டை முக்காலிகளின் மேல் படுத்திருந்தது. அவர் தொழுகையில் குனிந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டதுபோல வளைந்து, கழுத்தைத் தொங்கப்போட்டுச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பூ முடியும் வரை நிமிரவில்லை.

"உஸ்தா, பலகையை உயர்த்தி வச்சா என்ன?"

"நாப்பத்தஞ்சு வருஷமா இதே உயரம். எனக்குத் தொழில் சொல்லித் தர வந்தீங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லி வந்துவிட்டாள். அவர் இரண்டாம் முறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போன நேரத்தில், நபவியாவும் அவளும் பட்டறைக்குள் புகுந்தார்கள். கழிவு மரக்கட்டைகளைப் பொறுக்கி முக்காலிகளின் காலுக்கடியில் அடுக்கி, மூச்சுமுட்டப் பலகையைத் தூக்கி வைத்தார்கள். நபவியாவின் முக்காடெல்லாம் மரத்தூள்.

மெத்வல்லி திரும்பி வந்து பார்த்தார். மீசை நிமிர்ந்தது. இரண்டு பெண்களும் கதவோரமாக நின்றார்கள். அவர் உளியை எடுத்தார், வேண்டுமென்றே முறைத்துக்கொண்டு ஓர் இதழ் செதுக்கினார். இன்னோர் இதழ். பிறகு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். 

"யாரு இதை ஏத்துனது?"

"ஏன்?" என்றாள் நபவியா, சண்டைக்குத் தயாராக.

"ஏத்துறதுன்னா ஒழுங்கா ஏத்தணும். இன்னும் நாலு விரல் வேணும்."

வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் நாளுக்கு இரண்டு பாரசிட்டமாலிலும் ஒரு சுடுதண்ணிப் பையிலும் அடங்குகிற அளவுக்கு இறங்கியது. பதினெட்டாம் நாள் கிரியேட்டினின் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்தது. பெருநாள் ஷூவுக்குள் கால் போனது. நெஸ்மாவின் கல்யாணத்தைப் பன்னிரண்டு நாள் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஊரெல்லாம் புலம்பினாள். கட்டில் வந்து இறங்கியபோது புலம்பலை நிறுத்திவிட்டு, ரோஜாக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். ஷஹாத்தா கல்யாணத்துக்குப் பஸ்ஸைத் தானே ஓட்டி வந்தார்.

காபிக்கடையில்தான் பிரச்சினை. ஹாஜி ஸக்ஸூக் தன் டப்பா போனதில் மனமுடைந்து போயிருந்தார். நாலு வருஷமாக ஊருக்குச் செய்த நன்மை இப்படி ஆகிவிட்டதே என்று யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஷஹாத்தாவைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கியது. அவருடைய தேநீருக்கு மட்டும் இரண்டு மடங்கு புதினா போட்டார்.

இன்ஷிராஹ் ஒருநாள் வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஹாஜி, ஒரு மேஜை வேணும். செவ்வாய்க்கிழமை தோறும் ரெண்டு மணி நேரம். அவங்கவங்க வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எது எதோட சேரும், எது சேராதுன்னு நான் பாத்துச் சொல்றேன். உங்க பேச்சைத்தான் இவங்க கேப்பாங்க. என் பேச்சைக் கேட்டா என் கடையிலேயே கேட்டிருப்பாங்க."

ஸக்ஸூக் கடையைச் சுற்றிப் பார்த்தார். மேஜையைத் தேர்ந்தெடுத்தார். சன்னலோரத்து நல்ல மேஜை. அதைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். "சர்க்கரை எத்தனை கரண்டி, டாக்டரம்மா?" என்றார்.

முதல் செவ்வாயன்று ஐந்து பேர் வந்தார்கள். மூன்றாவது செவ்வாயன்று வரிசை பாலம் வரைக்கும் நின்றது. பிரஷர் மாத்திரைக்காரர்கள், மாரடைப்புக்குப் பிறகு தினம் சின்ன ஆஸ்பிரின் சாப்பிட்டு அதன் மேலேயே இபுப்ரோஃபென் போட்டு அதன் வேலையைக் கெடுத்துக்கொண்டவர்கள், மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவதை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் இன்ஷிராஹிடம் மட்டும் காதோடு சொன்ன ஒரு பெரிய மர வியாபாரி. எவர் பையையும் மற்றவர் பார்க்கக் கூடாது என்று ஸக்ஸூக் ஒரு திரைச்சீலை கட்டினார். ஆனால் திரைக்கு வெளியே நின்று, "சாப்பிட்ட பிறகுதானே, டாக்டரம்மா சொன்னாங்க? வெறும் வயித்துல வேண்டாம்!" என்று ஒவ்வொருவருக்கும் சத்தமாக நினைவூட்டுவதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

இதைக் கேள்விப்பட்ட நபவியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்தாள்.

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வலியா? நாங்க என்ன, மரத்துல செஞ்சவங்களா?"

அப்படித்தான் வியாழக்கிழமைக் கூட்டம் நபவியாவின் வீட்டில் தொடங்கியது. முதல் வியாழனிலேயே இன்ஷிராஹுக்கு ஒன்று தெரிந்துபோயிற்று: காபிக்கடை டப்பா வெறும் விளையாட்டு. பெண்களின் கைப்பைகளைக் கவிழ்த்தபோது சாப்பாட்டு மேஜை நிரம்பித் தரையிலும் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டது, நாத்தனார் தந்தது, மகனுக்குப் போன வருஷம் எழுதியது.

அந்தக் கூட்டத்தில் மூலையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள் தையல்காரி ஹனூனா. ஏழு மாதம் கடந்த வயிறு. பேச்சே அதிகம் இல்லாதவள். அவளுடைய சின்னப் பையில் இரும்புச்சத்து மாத்திரையும் பாதி தீர்ந்த இபுப்ரோஃபென் அட்டையும் இருந்தன.

"இது யாருக்கு, ஹனூனா?"

"இடுப்பு வலிக்குதுக்கா. மெஷின்ல உக்காந்தா தாங்கல. ஆறேழு நாளா ராவும் பகலும் ஒண்ணு ஒண்ணு."

அறையில் பேச்சு சலசலத்துக்கொண்டிருந்தது. இன்ஷிராஹ் நாற்காலியை அவள் பக்கத்தில் நகர்த்திப்போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. இந்த மாத்திரை இந்த மாசத்துல வேண்டாம். குழந்தையோட இருதயத்துப் பக்கத்துல ஒரு சின்ன ரத்தக்குழாய் உண்டு, பொறந்த பிறகுதான் மூடணும். இது அதை முன்னாடியே மூட வைக்கலாம். பனிக்குட நீரும் குறையலாம். இன்னைக்கே நிறுத்திடு, நாளைக்குக் காலையில நானே உன்கூட டாக்டர்கிட்ட வர்றேன். ஸ்கேன் பாத்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

ஹனூனா மற்ற கையை வயிற்றின் மேல் வைத்தாள். "நான் தெரியாம..."

"நான் தெரிஞ்சே தின்னவ. உனக்கு அந்தக் கதை யாரும் சொல்லலையா?"

சொன்னாள். வெல்லப்பாகு, பெரிய டாக்டர், டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். ஹனூனா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

மறுநாள் ஸ்கேனில் நீர் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது சரியாகிவிட்டிருந்தது. வசந்தத்தின் தொடக்கத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல், கத்தல் பலமான குழந்தை. ஏழாம் நாள் விழாவில் ஊர் வழக்கப்படி உரலை இடித்துக் குழந்தையின் காதில் புத்திமதி சொல்லும்போது, நபவியா தன் பங்குக்குக் குனிந்து, "யார் குடுத்தாலும் ரோஸ் மாத்திரை வாங்காதே" என்று சொன்னாள்.

வியாழக்கிழமைகள் இப்போது நிலைத்துவிட்டன. நபவியா வாத்து பரிமாறாமல் ஒருவரையும் விடுவதில்லை. பைகளைப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம், சாப்பிட்டு எழ மூன்று மணி நேரம். செய்தி காபிக்கடைக்கும் எட்டியது. செவ்வாயன்று ஹாஜி ஸக்ஸூக் தேநீரை மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"டாக்டரம்மா, ஒரு நியாயம் கேக்கலாமா?"

"கேளுங்க, ஹாஜி."

"அங்க வாத்தாமே?"

"ஆமா. வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் அடைச்சது."

"இங்க வெறும் தேத்தண்ணிதான் போடுறேன்னு வெளிய பேசிக்கிறாங்களா?"

"யாரும் அப்படிப் பேசல."

"பேசுறாங்க," என்றார் அவர் உறுதியாக. அடுத்த செவ்வாயன்று சன்னலோர மேஜையில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையப் பாகில் ஊறிய ஜிலேபி இருந்தது. வரிசையில் முதலில் நின்ற சர்க்கரை நோயாளி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஷிராஹ் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "பையைக் குடுங்க" என்றாள்.